சூட்டோடு சுற்றிய பலகைகள்

சென்ற மாதம் கபிலன் என்றொரு இளம் பொறியியலாளர் தொலைபேசியில் அழைத்தார். என் நண்பர் ஒருவரின் மருமகன். ஒன்ராறியோவின் வடக்கே மூடிக்கிடந்த ஒரு காகித ஆலையை, மரநாரில் குளிர் தடுக்கும் இன்சுலேஷன் பலகை செய்யும் ஆலையாக மாற்றுகிறார்கள். அவருக்கு அங்கே வேலை.

“அங்கிள், உது கனடாவுக்கே புதுசு எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுகினம். நீங்கள் தொண்ணூறுகளிலயே ரொறன்ரோவில செய்தனீங்கள் எண்டு மாமா சொன்னார். உண்மையே?”

“ஓம், செய்தனாங்கள். செய்து எரிச்சும் பார்த்தனாங்கள்.”

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு சந்தேகம். உலர்த்தும் ட்ரையரிலிருந்து வரும் பலகைகளை நன்றாக ஆறவிட்ட பிறகே அடுக்கிச் சுற்ற வேண்டும் என்று அவர்களுடைய கையேட்டில் இருக்கிறதாம். அதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும். மேலிடமோ அவசரப்படுத்துகிறது. “சுடச்சுடச் சுத்தி அனுப்பினா என்ன அங்கிள்?” என்று கேட்டார். இதே கேள்வியை என்னிடம் நானே கேட்டு, பிழையான விடையை நானே எழுதிக் கொடுத்தவன் நான். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் பலகையைத் தாண்டி வேறெங்கோ போகிறது. போகட்டும்.

என் தொடக்கத்தை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஊரில் இருந்தபோது, வைக்கோலிலிருந்து காகிதம் செய்யும் ஆலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் ஆறு வருடம் உதவியாளனாக இருந்தேன். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து, பார்க்டேலில் ஐந்து பேரோடு ஒரு அப்பார்ட்மெண்டில் இருந்துகொண்டு உணவகத்தில் கோப்பை கழுவினேன், அலுவலகங்கள் கூட்டினேன். ஒரு நாள் ஸ்ட்ரீட்கார் என்கிற ட்ராமில் மேற்கே போகும்போது திறந்திருந்த ஜன்னலால் காகிதக் கூழ் மணம் வந்தது. அந்த மணத்தை எனக்குத் தெரியும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மணம் வந்த பக்கமாக நடந்துபோய் வேலை கேட்டேன். முதலில் கழிவுக் காகிதம் பிரிக்கும் இடத்தில் விட்டார்கள். ஒரு வருடத்தில் ஆய்வுகூடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பொதி சுற்றும் மண்ணிறக் காகிதம் செய்கிற சிறிய ஆலை அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அதை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் முதலாளி எங்கள் எல்லாரையும் உணவறையில் கூட்டி விஷயத்தைச் சொன்னார். காகித மெஷின் நிற்கப் போகிறது. ஆனால் அதே கட்டடத்தில், அதே கூழ்த்தொட்டிகளை வைத்து, கூரைக்கும் சுவருக்கும் போடுகிற மரநார்ப் பலகை செய்யப் போகிறோம். மரம் அரியும் ஆலைகள் கழிக்கிற சிராய்தான் மூலப்பொருள். முதல் பெரிய ஓடரைச் சரியாகச் செய்து கொடுத்தால் ஆலை நிலைக்கும். இல்லையென்றால் பூட்டுத்தான்.

அந்த மாற்றத்தை எங்கள் ஆட்கள் லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. காகிதக்காரருக்கு ஒரு கர்வம் உண்டு. நாரை அரைத்து, நசுக்கி, காற்றெல்லாம் வெளியேற்றி, மெல்லிய தாளாக்குவதுதான் எங்கள் கெட்டித்தனம். இப்போதோ நாரை அதிகம் அரைக்காதே, நசுக்காதே, உள்ளே காற்று இருக்கட்டும் என்றார்கள். அந்தக் காற்றுத்தான் குளிரைத் தடுக்கும் என்றார்கள். பழைய கம்பிவலையின் மேல் காகிதத்துக்குப் பதிலாகப் புட்டுமா மாதிரி ஒன்று தடித்துப் படர்ந்து வந்தது. அதை ஈரத்தோடு வெட்டி, எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்த நீண்ட ட்ரையருக்குள் விட்டோம். முதல் வாரம் வந்த பலகைகள் பொரித்த அப்பளம் போலச் சுருண்டன. இதற்காகவா இருபது வருடம் காகிதம் செய்தோம் என்று ஒருவர் அழாக்குறையாகக் கேட்டார்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஹெய்னோ. எஸ்தோனியாக்காரர். சிறு பிள்ளையாக, பெற்றோருடன் அகதியாக வந்தவர் என்று பிற்பாடுதான் அறிந்தேன். அவர் வாயால் அதைச் சொன்னதில்லை. அவர் வாயால் எதையுமே அதிகம் சொன்னதில்லை. யாரையும் தூரத்தில் நின்று கூப்பிட மாட்டார். நடந்துவந்து, பக்கத்தில் நின்று, நாம் செய்கிற வேலை முடியும்வரை பொறுத்திருந்து பிறகுதான் பேசுவார். மெஷினில் கை வைக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். அவர் கடிகாரம் கழற்றுவதைக் கண்டால் முப்பது அடி தூரத்தில் நிற்பவனும் விறைப்பாகிவிடுவான். ஓடுகிற காகிதத்தின் மேல் புறங்கையைப் பிடித்து, ஈரம் இவ்வளவு என்று சொல்வார். நான் ஆய்வுகூடத்தில் தாளை நிறுத்து, அடுப்பில் வைத்து, மறுபடி நிறுத்துக் கண்டுபிடிக்கிற அளவும் அவர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். எனக்கு அதில் வியப்பும் உண்டு, எரிச்சலும் உண்டு. அவரிடம் கருவி ஒன்றும் இருக்கவில்லை. “கைக்குப் பற்றரி தேவையில்லை” என்பார்.

அவருக்கு ஆங்கிலம் எழுதுவதென்றால் கசப்பு. ஆகவே வேலைமுறைகளை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் எழுதுவேன், அவர் வாசித்துக் கையெழுத்து வைப்பார், அது அந்தந்த இடத்தில் சுவரில் ஒட்டப்படும். பலகை சுருளும் பிரச்சினைக்கும் நான்தான் வழி கண்டுபிடித்தேன். ட்ரையரால் வருகிற பலகையை அப்படியே விட்டால், ஏரிக்காற்றின் ஈரத்தை ஓரங்கள் குடித்துவிடுகின்றன. நடு காய்ந்தபடி இருக்கிறது. அதனால்தான் சுருள்கிறது. காகிதத்துக்கு நாங்கள் என்ன செய்தோம்? ரோல் சூடாக இருக்கும்போதே இறுக்கிச் சுற்றி ஈரத்தை வெளியே நிறுத்தினோம். பலகைக்கும் அதையே செய்தால் என்ன? ‘வந்த சூட்டோடேயே நெருக்கி அடுக்கி, பொலித்தீனால் இறுகச் சுற்றுக’ என்று எழுதினேன். சிறிய அடுக்குகளில் செய்து பார்த்தோம். மூன்றாம் நாள் பிரித்தபோது பலகைகள் மேசை மாதிரி மட்டமாக இருந்தன.

ஹெய்னோ அந்தத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு என் தோளில் ஒரு முறை தட்டினார். ஏழு வருடத்தில் அதுதான் முதல் தட்டு. அன்று வீட்டுக்கு ஸ்ட்ரீட்காரில் போகவில்லை, மிதந்துதான் போனேன்.

இந்த இடத்தில் என் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு இந்தியாவுக்குப் போய் ராணியைக் கலியாணம் செய்து, ஆறு கிழமையில் திரும்பி வந்துவிட்டேன். ராணி கொழும்புக்குப் போனாள். மகள் அங்கேதான் பிறந்தாள். மகளை நான் படத்தில்தான் கண்டிருந்தேன். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில், பொலிஸ் பதிவுக்கும் சோதனைக்கும் பயந்துகொண்டு, கைக்குழந்தையோடு, என் ஸ்பொன்சரில் கனடா வருவதற்காக ராணி காத்திருந்தாள். எல்லாக் கடதாசியும் தூதரகத்துக்குப் போய்விட்டது. கடைசியாக அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று ஆலை தருகிற புதிய கடிதம். அது போனால் விசா. முதல் ஓடர் போய்ச் சேராமல் யாருக்கும் நிரந்தரம் என்று எழுதித் தர முடியாது என்று முதலாளி சொல்லியிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஓடரின் கடைசிப் பகுதி ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வெளிக்கிடும். பன்னிரண்டு மணிக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கொள்ளும்படி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அது மே மாதத்து நீண்ட வார இறுதிக்கு முந்திய வாரம். ஓடரை முடிக்கும் அவசரத்தில் ட்ரையரின் சூட்டைக் கூட்டியிருந்தோம். இடம் போதாமல் அடுக்குகளை ஆளுயரத்துக்கு மேலே கட்டி, ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருந்தோம். இரண்டு ட்ரெயிலர்களில் ஏற்றியும் ஆகிவிட்டது. திங்கள் விடுமுறை. ஆனாலும் அலுவலகத்தில் ஒருவரும் எங்களில் சிலரும் லோட் அனுப்ப வந்திருந்தோம்.

காலை எட்டு மணி இருக்கும். அந்தோனி என்னைத் தேடி வந்தான். மன்னார்ப் பெடியன், பலகைகளைச் சுற்றும் இடத்தில் வேலை. கலியாண வீடு, சாவீடு என்று எங்கே போனாலும் சமையலுக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

“அண்ணை, ஒருக்கா வந்து மணந்து பாருங்கோ. பால் அடிப்பிடிச்ச மாதிரி ஒரு மணம்.”

“ஆரும் உணவறையில ஏதும் சூடாக்கியிருப்பாங்கள்.”

“இல்லையண்ணை. உது சாப்பாட்டு மணமில்லை. களஞ்சியத்துக்குள்ளதான் நிக்குது.”

சமையல்காரன் மூக்கு. போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. அடுக்கைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. என்றாலும் கூழ்த்தொட்டிக்குப் பாவிக்கிற நீண்ட வெப்பமானியை எடுத்துவந்து, பொலித்தீனில் சிறு ஓட்டை போட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவே மெல்ல உள்ளே செலுத்தினேன். வெள்ளிக்கிழமை சுற்றும்போது அறுபத்திரண்டு பாகை. மூன்று நாளில் முப்பதுக்காவது இறங்கியிருக்க வேண்டும். முள் தொண்ணூற்றேழில் நின்றது.

கருவி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். உணவறைக்குப் போய் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து உள்ளே விட்டேன். நூறு காட்டியது. கருவி சரி. திரும்பிப் போய் அடுத்த அடுக்கில் செருகினேன். முள் ஏறி, ஏறி, நூற்றிருபதில் அளவு முடிகிற இடத்துக்குப் போய், அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது.

என்ன நடக்கிறது என்று அந்தக் கணமே விளங்கிவிட்டது. கபிலன், உங்கள் கேள்விக்கு விடை இதுதான். காகித ரோலில் மிஞ்சிய சூடு மெல்ல வெளியேறிவிடும். இந்தப் பலகையோ சூட்டை வெளியே விடாமல் இருப்பதற்கென்றே செய்தது. நாங்கள் சூட்டை உள்ளே வைத்து அடுக்கி, மேலே பொலித்தீனும் சுற்றிவிட்டோம். அதிகம் காய்ந்த மரநார் அந்தச் சூட்டில் தானும் சூட்டை உண்டாக்கத் தொடங்கும். அது போக வழியில்லை. கூடிக்கொண்டே போகும். சிறிய அடுக்குகளில் தப்பியது உயரமான அடுக்குகளில் தப்பாது. வெளியே தொட்டால் குளிரும், நடுவில் வேகும். இதைச் செய்யச் சொல்லி எழுதியது என் கை. தாள் என் கண்ணுக்கு முன்னால் சுவரில் இருந்தது.

அந்தோனி முள்ளைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு என் வீட்டு விஷயமெல்லாம் தெரியும்.

“அண்ணை, ட்ரெயிலருக்குள்ளயும் உதே பலகைதானே?”

“ஓம்.”

“அப்ப பேசாம இருங்கோ. ரெண்டும் பத்து மணிக்குப் போயிடும். திறந்து இறக்க ஆறிடும். இஞ்ச கிடக்கிறதைப் பிறகு பாப்பம். இப்ப வாய் திறந்தியளெண்டா கடிதமும் இல்லை, ஒண்டுமில்லை. அக்காவையும் பிள்ளையையும் யோசியுங்கோ.”

அவன் கெட்டவனில்லை. என்மேல் உள்ள அன்பில்தான் சொன்னான். நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

லோட் வெளியேறுமுன் லொக் புத்தகம் என்ற பதிவேட்டில் வெப்பநிலையை எழுதி, நம் பெயரின் முதலெழுத்து வைக்க வேண்டும். அந்தப் புத்தகத்துக்கென்று ஹெய்னோ வைத்த சட்டம் ஒன்று உண்டு. தாளைக் கிழிக்கக்கூடாது. வெள்ளை மை பூசக்கூடாது. பிழையாக எழுதிவிட்டால் ஒரேயொரு கோடு போட்டு வெட்ட வேண்டும், வெட்டியது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பக்கத்தில் முதலெழுத்தும் நேரமும் வைக்க வேண்டும். நான் புத்தகத்தைத் திறந்து நாற்பத்தொன்று என்று எழுதினேன். ஏன் நாற்பத்தொன்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாற்பது என்றால் பொய் போலத் தெரியும் என்று நினைத்திருக்கக்கூடும்.

எழுதிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். முதல் ட்ரெயிலரின் ட்ரைவர் படியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் வயதுக்காரன், சிவந்த தாடி. என்னைக் கண்டதும் எல்லாம் சரியா என்று கேட்பதுபோலப் பெருவிரலை உயர்த்தினான். நான் தலையாட்டியிருக்க வேண்டும். கழுத்து அசையவில்லை. நான் சொல்வதைக் கேட்டு, இவன் நெருப்பை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகப் போகிறான். அவன் திரும்பவும் பெருவிரலை உயர்த்தினான். நான் புத்தகத்தைத் திறந்து, நாற்பத்தொன்றுக்கு மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தொண்ணூற்றேழு என்றும், நூற்றிருபதுக்கு மேல் என்றும், எட்டு இருபது என்றும் எழுதி, முதலெழுத்து வைத்தேன். பிறகு ஹெய்னோவின் அறைக்கு ஓடினேன்.

அவர் பக்கத்தைப் பார்த்தார். வெட்டிய எண், வெட்டாத எண், இரண்டையும் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். ட்ரெயிலரில் ஏறி, அடுக்கின் மேல் புறங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். மற்றக் கையையும் வைத்தார்.

“குளிர்ச்சியாக இருக்கிறது” என்றார்.

“ஓம். வெளியே குளிர்ச்சிதான். உள்ளே பாருங்கள்.”

நான் வெப்பமானியைச் செருகினேன். முள் ஏறுவதை அவர் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கோபமில்லை. தன்னுடைய கை தனக்குப் பொய் சொல்லிவிட்டது என்று அறிந்த மனிதரின் முகம் அது. பிறகு மளமளவென்று கட்டளைகள் வந்தன. ட்ரெயிலர்களைப் பின்புறம் ரயில் பாதைப் பக்கத்து வெறுநிலத்தில் விட்டு, லொறிகளைக் கழற்றி அப்பால் எடு. தீயணைப்புப் படைக்குச் சொல்லு. கட்டடத்துக்குள் எந்தப் பொலித்தீனையும் வெட்டாதே, காற்றுப் பட்டால் பற்றும். அடுக்குகளை ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோ. அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

தீயணைப்புப் படை வந்த பிறகுதான் முதல் ட்ரெயிலரில் அடுக்கு ஒன்றை வெட்டினோம். மேல் பலகைகள் புது மரம்போல மஞ்சளாக இருந்தன. கீழே போகப்போகத் தேயிலைச் சாய நிறம், பிறகு புகையிலை நிறம், பிறகு கறுப்பு. கறுப்பில் காற்றுப் பட்டதும் ஓரம் முழுக்க ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அடுத்த கணம் பற்றிக்கொண்டது. முதல் ட்ரெயிலர் முற்றாக எரிந்தது. இரண்டாவதில் பாதியைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றியதும் ஒன்றுக்கும் உதவாத ஈரக்குப்பை. கட்டடம் தப்பியது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

தாடிக்கார ட்ரைவர் என் பக்கத்தில் நின்று எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், மிஞ்சியிருந்த பாதிச் சாண்ட்விச்சை என்னிடம் நீட்டினான். வாங்கிச் சாப்பிட்டேன். அவனுடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணி வந்தது, போனது.

மூன்றாம் நாள் காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். முதலாளியும் இருந்தார். சூட்டோடு சுற்றச் சொன்னது யார் என்பது முதற்கேள்வி. “கையெழுத்து என்னுடையது” என்றார் ஹெய்னோ. “எழுதியது நான்” என்றேன் நான். வந்தவர் லொக் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, வெட்டிய எண்ணைக் காட்டினார். அளவெடுப்பில் பிழையா என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஹெய்னோ என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

“அந்த எண் அளந்ததில்லை” என்றேன். “ட்ரெயிலர்கள் போக வேண்டும் என்று விரும்பினேன். அதனால் எழுதினேன்.”

“ஏன் விரும்பினீர்கள்?”

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. என்மேல் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. எடுக்க ஆலையே இருக்கவில்லை. ஓடர் வேறிடத்துக்குப் போயிற்று. இரண்டு கிழமையில் எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இல்லாத வேலைக்கு யார் கடிதம் தருவார்கள்? ராணியின் ஸ்பொன்சர் அப்படியே நின்றது.

மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஏஜென்சி மூலம் கிடைத்த வேலைகளைச் செய்தேன். ஒன்றும் நிரந்தரமில்லை. ஒரு வருடத்துக்கு மேலே கழிந்து, ஆலையைச் சிறிய அளவில் மறுபடி திறந்தபோது ஹெய்னோ முதலில் அழைத்தது என்னைத்தான். புதிய சுற்றும் முறையை எழுது என்றார். என் கையாலா என்று கேட்டேன். “பிழையாக எழுதியவனுக்குத்தான் எங்கே பிழை என்று தெரியும்” என்றார். பலகைகளுக்கு நடுவே மரச்சட்டம் வைத்துக் காற்று ஓடவிடுவது, ஒவ்வொரு அடுக்கிலும் மூன்று இடத்தில் அளப்பது, இரண்டாம் நாள் மறுபடி அளப்பது, சூடு இறங்காத அடுக்குக்குச் சிவப்பு அட்டை கட்டி வெளியே வைப்பது. சுருளாமல் இருக்க ஆறும் அறையின் ஈரத்தைக் கட்டுப்படுத்தினோம். அதை முதலிலேயே யோசித்திருக்கலாம். ஹெய்னோ தன் செலவில் ஒரு வெப்பமானி வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அதன்பிறகு அவர் எதன்மேலும் புறங்கையை வைத்துப் பார்த்ததை நான் காணவில்லை. அது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

அந்த வேலைக்குக் கடிதம் கிடைத்து, ராணியும் மகளும் வந்து இறங்கியபோது, வர வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேலே போய்விட்டது. விமான நிலையத்தில் மகள் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “அம்மா, இந்த மாமா ஆர்?” என்று கேட்டாள். ராணி என்னைப் பார்த்தாள். இவ்வளவு காலமும் தொலைபேசியில் அவளிடம் ஆலையில் ஓடர் இல்லை என்று மட்டும்தான் சொல்லிவந்தேன்.

ஒரு கிழமை கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முழுவதையும் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே கேட்டாள்.

“முதல் ஒரு நம்பர் எழுதினியள். அது எங்களுக்காக எழுதினது.”

“ஓம்.”

“பிறகு அதை வெட்டினியள். அது ஆருக்காக?”

“அந்த ட்ரைவருக்காகத்தான்.”

“அவரின்ர பேர் என்ன?”

“தெரியாது.”

“பேர் தெரியாத ஒராளுக்காக எங்களை ரெண்டு வருசம் அந்த அறைக்குள்ள வைச்சிருந்திருக்கிறியள். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு நான் கொட்டுற மழைக்குள்ள அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடேக்க, நீங்கள் இஞ்ச ஓடர் இல்லை எண்டு எனக்குக் கதை சொல்லியிருக்கிறியள்.”

செய்தது பிழை என்று அவள் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுக்க எனக்குத் துணிவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த குளிர்காலத்தில் மகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட இரண்டு பேரும் போனோம். முந்திய நாள் கொட்டிய பனி எங்கும் கிடந்தது. மகள் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, திரும்பி, “அப்பா, பின்னேரம் நீங்கள்தான் வரோணும்” என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள். வாசலில் ஒரு பெரிய லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஏதோ சாமான் இறக்க வந்தது. ட்ரைவர் ஜன்னலால் தலையை வெளியே நீட்டி, பிள்ளைகள் யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். ராணி கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். பின்னால் பிந்தி வந்த இரண்டு பிள்ளைகள் கடந்துபோகும்வரை அந்தக் கையை இறக்கவில்லை. அவன் பெருமூச்சு விட்டு, நன்றி என்று தலையசைத்தான்.

நாங்கள் பனிக்குள் நடக்கத் தொடங்கினோம். சந்தியில் சிக்னல் வெளிச்சம் மாறும்வரை நின்றபோது, என் கோட் பைக்குள் தன் கையையும் விட்டுக்கொண்டாள்.

“பேர் தெரியாட்டி என்ன” என்றாள்.